வான்கல் இன்ஜினை அட்டையில் வெட்டிப் பார்ப்போம்: ரோட்டரி பைக் பிரியர்களுக்கு

சிங்கப்பூரில் பைக் ஓட்டத் தொடங்குபவர்களில் பெரும்பாலோர் சின்ன பைக்குகளுக்கான 2பி உரிமத்தோடுதான் தொடங்குகிறோம். 150 சிசி, ஒற்றை சிலிண்டர். பிஸ்டன் மேலே போய் நிற்கும், திரும்பிக் கீழே வரும், மறுபடி நிற்கும். வான்கல் என்னும் ரோட்டரி இன்ஜினில் இந்தத் திரும்பல் கிடையாது. முக்கோணம் போன்ற ஒரு ரோட்டார் ஒரே திசையில் சுற்றிக்கொண்டே இருக்கும். நான் இதற்கு எத்தனையோ வீடியோக்கள் பார்த்தேன், படங்கள் பார்த்தேன். ஈசூன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அட்டையை வெட்டி, கையால் சுற்றிப் பார்த்த அன்றுதான் புரிந்தது. அதனால் உங்களையும் வெட்டவே சொல்கிறேன்.

தேவையானவை: 5 மி.மீ. தடிமனுள்ள ஃபோம் போர்டு ஒன்று (பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் தாராளமாகக் கிடைக்கும்), அடியில் வைக்க ஒரு கெட்டி அட்டை, கூரான கத்தி, ஸ்கேல், காம்பஸ், ஒரு புஷ்பின், சிவப்பு, நீலப் பென்சில்கள். அடி அட்டைக்கு மாமாக் கடையில் மைலோ வந்த பெட்டி இருக்கிறதா என்று கேளுங்கள், அதுவே போதும்.

படி 1: ரோட்டாரைச் சுற்றியுள்ள சுவரை வரைதல்

போர்டின் நடுவில் ஒரு கூட்டல் குறி போட்டு, மையத்திலிருந்து கீழ்க்கண்ட புள்ளிகளை மில்லிமீட்டரில் குறியுங்கள். முதல் எண் வலப்பக்கம், இரண்டாவது மேற்பக்கம்.

80, 0
74.7, 25.2
60.6, 45
42.4, 56.6
25, 60.6
11, 60.5
0, 60

இது கால்பங்கு. இதையே இடப்பக்கமும் கீழ்ப்பக்கமும் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பிக் குறித்து, எல்லாவற்றையும் வளைவாக இணையுங்கள். முட்டை மாதிரித் தெரியும், ஆனால் முட்டை இல்லை. 60.6 வரை ஏறிய கோடு நடுவில் 60க்கு இறங்குகிறது பாருங்கள். அந்த அரை மில்லிமீட்டர்ச் சொச்சம்தான் இதன் இடுப்பு. அதைத் தட்டையாக்கிவிடாதீர்கள்.

இந்த எண்களை நான் சும்மா எடுக்கவில்லை. மாஸ்டா கார்களின் 13பி ரோட்டரி இன்ஜினில் ரோட்டாரின் மையத்திலிருந்து முனை வரை 105 மி.மீ., ஷாஃப்ட்டின் மையவிலகல் (ஷாஃப்ட்டின் மையத்திலிருந்து ரோட்டாரின் மையம் தள்ளியிருக்கும் தூரம்) 15 மி.மீ. நம்முடையது 70, 10. அதாவது அசல் இன்ஜினின் அளவில் சரியாக மூன்றில் இரண்டு பங்கு.

படி 2: ரோட்டார்

கோட்டின் மேலேயே கவனமாக வெட்டுங்கள். வெளிச்சட்டம் ஹவுசிங். உள்ளிருந்து வந்த துண்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், ரோட்டார் அதிலிருந்துதான் வரப்போகிறது. பக்கத்துக்கு 121 மி.மீ. உள்ள சமபக்க முக்கோணம் வரைந்து, ஒவ்வொரு பக்கமும் நடுவில் 12 மி.மீ. புடைக்கும்படி வளைத்து வெட்டுங்கள். முதல் முறை நான் புடைப்பை அதிகமாக்கிவிட்டேன், ரோட்டார் இடுப்பில் வந்து இறுகி நின்றுவிட்டது. 15க்கு மேல் போனால் இடமே இல்லை.

ரோட்டாரின் நடுவில் 50 மி.மீ. விட்டத்தில் வட்டத் துளை. அதிலிருந்து வரும் வில்லைதான் எக்சென்ட்ரிக், அதாவது அசல் இன்ஜினில் ஷாஃப்ட்டோடு சேர்ந்தே சுற்றும் மையம் விலகிய வட்டம். அதன் ஓரத்தைக் கொஞ்சம் தேய்த்துவிட்டு, மையத்திலிருந்து 10 மி.மீ. தள்ளி ஒரு சின்னத் துளை போடுங்கள்.

சரி, இனி கோப்பது சுலபம். ஹவுசிங்கை அடி அட்டையில் ஒட்டி, வில்லையின் சின்னத் துளை வழியாகப் புஷ்பின்னை ஹவுசிங்கின் மையத்தில் குத்தி, வில்லையைச் சுற்றி ரோட்டாரை அமர்த்துங்கள்.

படி 3: சுற்றுதல்

வில்லையின் ஓரத்தில் ஒரு புள்ளி, ரோட்டாரின் ஒரு முனையில் ஒரு புள்ளி. மூன்று முனைகளும் சுவரை ஒட்டியே இருக்கும்படி ரோட்டாரை விரலால் கடிகாரத் திசையில் மெதுவாகத் தள்ளுங்கள். ரோட்டார் ஒரு சுற்று முடிப்பதற்குள் வில்லை மூன்று சுற்று சுற்றியிருக்கும். அசல் இன்ஜினில் இந்தக் கணக்கைத் தவறாமல் காப்பது உள்ளே இருக்கும் பல்சக்கரங்கள், இங்கே நம் விரல்.

மேல் இடுப்பில் ஸ்பார்க் பிளக் என்று எழுதுங்கள். கீழ் இடுப்புக்கு இடப்பக்கம் காற்றும் பெட்ரோலும் நுழையும் வழி, வலப்பக்கம் புகை போகும் வழி. இப்போது ரோட்டாரின் ஒரே ஒரு பக்கத்தை மட்டும் கண்ணால் தொடருங்கள். கீழிருந்து இடப்புறம் போகும்போது இடைவெளி விரிகிறது: உறிஞ்சுதல். மேலே வரும்போது நசுங்குகிறது: அழுத்தம். பிளக் வெடிக்கிறது, வலப்புறம் விரிகிறது, கீழே தள்ளி வெளியேற்றுகிறது. வால்வே இல்லாமல் நான்கு வேலையும் முடிந்தது. மற்ற இரண்டு பக்கங்களும் அதே வேலையைப் பின்னாலேயே செய்துகொண்டு வருகின்றன. அதனால் ஷாஃப்ட்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. உங்கள் ஒற்றை சிலிண்டர் பைக்கில் இரண்டு சுற்றுக்கு ஒன்றுதான்.

படி 4: வண்ணம் தீட்டுதல்

ஹவுசிங்கின் இடப்பாதியில் நீலமும், மேல் இடுப்பிலிருந்து வலப்பாதி முழுக்கச் சிவப்பும் தீட்டுங்கள். பிஸ்டன் இன்ஜினில் வெடித்த இடத்துக்கே அடுத்துக் குளிர்ந்த கலவை வந்துவிடும். இங்கே வலப்பக்கத்துக்கு அது வரவே வராது. ஒரே ஹவுசிங்கில் ஒரு பக்கம் எப்போதும் கொதிக்கிறது. ரோட்டரி பைக் செய்தவர்கள் எல்லாரையும் பாடாய்ப்படுத்தியது இந்தச் சிவப்புதான்.

அப்புறம் அந்த மூன்று முனைகள். ஒரு முனையைக் கிட்டத்தில் பார்த்துக்கொண்டே சுற்றுங்கள். ஓர் இடத்தில் சுவருக்கு நேர்க்குத்தாக நிற்கும், இன்னோர் இடத்தில் ஏறத்தாழ 25 பாகை சாயும். அப்படிச் சாய்ந்துகொண்டே வாயு கசியாமல் அடைக்க வேண்டியது ஏபெக்ஸ் சீல் என்ற மெல்லிய பட்டை. தொடக்க காலத்தில் மாஸ்டா இன்ஜின்களின் சுவரில் இது அலை அலையாகத் தடம் பதித்தது. அதற்குப் பேயின் நகக்கீறல் என்றே பெயர் வைத்தார்கள். சீலுக்கு ஓயாமல் எண்ணெய் கொடுக்க வேண்டும், அந்த எண்ணெய் எரிந்தும் போகும்.

இத்தனைக்குப் பிறகும் ஏன் இதை விடாமல் பிடித்துக்கொண்டார்கள்? கையில் இருப்பதைப் பாருங்கள்: அசையும் பொருள் இரண்டே இரண்டு. 1974இல் வந்த சுசுகி ஆர்இ5 497 சிசி, ஒற்றை ரோட்டார். சுவருக்குத் தண்ணீர், ரோட்டாருக்கு எண்ணெய் என்று குளிர்விக்க வேண்டியிருந்ததால் சிக்கலான வண்டியாகிவிட்டது, 1976க்குப் பிறகு நிறுத்திவிட்டார்கள். பிரிட்டிஷ் பைக் நிறுவனமான நார்ட்டன் விடவில்லை. 588 சிசி, இரட்டை ரோட்டார். 1992 ஐல் ஆஃப் மேன் சீனியர் டிடி பந்தயத்தில் ஸ்டீவ் ஹிஸ்லாப் அந்த நார்ட்டனில், யமஹாவில் வந்த கார்ல் ஃபோகார்ட்டியை 4.4 வினாடியில் முந்தினார். அந்த நார்ட்டன்களை வளர்த்தெடுத்த பிரையன் கிரைட்டன் பிறகு செய்த சிஆர்700டபிள்யூ 690 சிசி, 220 குதிரைத்திறன், எடை 129.5 கிலோ. அந்த எடையைப் படித்ததும் என் 150 சிசி வண்டியின் எடையைத் தேடிப் பார்த்தேன். கிட்டத்தட்ட அதேதான்!

இன்னொரு போர்டு மீதியிருந்தால் இரண்டாவது ரோட்டாரும் ஹவுசிங்கும் வெட்டி, முதலாவதன் மேல் அடுக்குங்கள். இரண்டு வில்லைகளும் மையத்திலிருந்து நேரெதிர்ப் பக்கங்களுக்கு விலகியிருக்கட்டும், அதாவது 180 பாகை. ஒரு ரோட்டார் மேலே ஒதுங்கும்போது மற்றது கீழே ஒதுங்கும். நார்ட்டனின் இரட்டை ரோட்டார் அடுக்கும் இதுவேதான்.