அமெரிக்காவில் ஹோம்லேண்ட் செக்யூரிட்டி முதுகலை: சேருமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹோம்லேண்ட் செக்யூரிட்டி (உள்நாட்டுப் பாதுகாப்பு), பொது நிர்வாகம் என்ற பெயர்களைப் பார்த்ததும் பலரும் பாடத்திட்டத்தைத்தான் திறக்கிறார்கள். முதலில் திறக்க வேண்டியது பாஸ்போர்ட்டை. 1976-இல் அதிபர் ஃபோர்டு பிறப்பித்த 11935-ஆம் எண் ஆணையின்படி, கூட்டாட்சி அரசின் வழக்கமான பணிகள் அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டுமே. அமெரிக்க சமோவாவில் பிறந்தவர்கள் போன்ற சிலருக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கே பெரும்பாலும் கதவு மூடியிருக்கிறது என்றால், எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வருபவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ நேரடியாக இந்தப் படிப்புக்கு விண்ணப்பிப்பதுதான் நான் பார்க்கும் தவறுகளில் மிகவும் செலவு வைப்பது. படிப்பு முடிந்ததும் ஓ.பி.டி. என்ற வேலை அனுமதி 12 மாதம் கிடைக்கும். கணினி, பொறியியல் படித்தவர்களுக்கு அதற்கு மேல் 24 மாத நீட்டிப்பு உண்டு. பொது நிர்வாகம் வழக்கமாக அந்த நீட்டிப்புக்கான பாடப் பட்டியலில் இல்லை. சில பல்கலைக்கழகங்கள் பாடப்பிரிவின் குறியீட்டை மாற்றிப் பதிவு செய்து நீட்டிப்புக்கு வழி செய்திருக்கின்றன. ஆகவே விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் எந்தக் குறியீடு வரும் என்பதைப் பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நீட்டிப்பு கிடைத்தாலும் சிக்கல் தீராது. மாநில அரசும் கவுண்டியும் (நம் மாவட்டம் போன்ற உள்ளாட்சி அமைப்பு) வெளிநாட்டவரை எடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கலாம். ஆனால் எச்-1பி என்ற வேலை விசாவுக்கு முன்வந்து நிற்கும் கவுண்டி அலுவலகங்கள் அரிது.

பேரிடர் மேலாண்மையில்தான் ஆர்வம் என்றால் சிவில் இன்ஜினியரிங், சைபர் செக்யூரிட்டி, டேட்டா சயன்ஸ் போன்ற ஒன்றில் பட்டம் வாங்கிக்கொண்டு, அவசரகால மேலாண்மையை விருப்பப் பாடமாக எடுப்பது புத்திசாலித்தனம். ஊருக்குத் திரும்பி இதே பணியைச் செய்ய நினைப்பவருக்கு மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் பேரிடர் ஆய்வுக்கென்றே தனிப்பள்ளி இருக்கிறது. இந்தியாவில் நடைமுறையில் இருப்பது 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம். அமெரிக்காவின் பேரிடர் நிவாரணச் சட்டமான ஸ்டாஃபர்ட் சட்டத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு வந்தாலும், அரக்கோணத்தில் இருக்கும் தேசியப் பேரிடர் மீட்புப் படைக்கு அது பெரிதாக உதவாது.

இனி எழுதுவது பெரும்பாலும் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர்களுக்கும், அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கும்.

இது உளவுப் படிப்பு அல்ல

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, 2002 நவம்பரில் சட்டம் இயற்றி 22 அமைப்புகளை ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தார்கள். 2003 மார்ச் 1-இல் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை இயங்கத் தொடங்கியது. கடலோரக் காவல் படை, சுங்கம், குடியேற்றம், விமான நிலையச் சோதனை, அதிபருக்குக் காவல் நிற்கும் சீக்ரெட் சர்வீஸ், புயல் நிவாரணம் பார்க்கும் ஃபீமா என எல்லாம் அதில் அடக்கம். இவ்வளவு வேறுபட்ட அலுவலகங்களை எப்படிச் சேர்ந்து வேலை செய்ய வைப்பது என்பதே இந்தப் படிப்பின் அடிப்படைக் கேள்வி. தொலைக்காட்சித் தொடர் பார்த்துவிட்டு வருபவர்கள் முதல் பருவத்திலேயே சோர்ந்துபோகிறார்கள். அங்கே மானிய விதிகளும் வரவுசெலவுத் திட்டமும் கொள்முதல் ஒப்பந்தங்களும்தான் காத்திருக்கும். மாநிலத்துக்கும் வாஷிங்டனுக்கும் இடையே அதிகாரம் எங்கே பிரிகிறது என்ற சட்டச் சண்டையும் உண்டு.

2005-இல் நியூ ஆர்லியன்ஸைக் காத்ரீனா புயல் தாக்கியதை எடுத்துக்கொள்ளுங்கள். புயல் வருவது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். மக்களை ஏற்றிச் செல்லப் பேருந்து யார் அனுப்புவது, ராணுவ வீரர்கள் யாருடைய கட்டளையில் இயங்குவது, மேயர் கேட்க வேண்டியதை ஆளுநர் கேட்டாரா என்பதில்தான் நாட்கள் போயின. அப்போது ஃபீமாவின் தலைவராக இருந்தவர் அதற்கு முன் பல ஆண்டுகள் அரபுக் குதிரை வளர்ப்போர் சங்கத்தில் பொறுப்பு வகித்தவர். புயல் வந்த இரண்டே வாரத்தில் பதவி விலகினார். அடுத்த ஆண்டே ஃபீமாவைச் சீரமைக்கத் தனிச்சட்டம் வந்தது. இந்த ஒரு நிகழ்வை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பருவம் முழுக்கப் பாடம் நடத்தலாம். சில இடங்களில் ஏறக்குறைய அப்படித்தான் நடத்துகிறார்கள்.

ஆனால் மாணவர்கள் விருப்பப் பாடம் எடுக்கும்போது என்ன செய்கிறார்கள்? பயங்கரவாதம், உளவு, எல்லைப் பாதுகாப்பு என்று சுவாரசியமானதையெல்லாம் அள்ளிக்கொண்டு, புள்ளியியலையும் அரசு நிதி நிர்வாகத்தையும் தள்ளிவிடுகிறார்கள். ஒரு கவுண்டியின் அவசரகால மேலாண்மை அலுவலகம் தேடுவது மானிய விண்ணப்பம் எழுதவும், செலவுக்குக் கணக்குக் காட்டவும், வெள்ளத்துக்கான திட்டத்தைப் பக்கத்துக் கவுண்டியோடு ஒத்துப்போகும்படி தயாரிக்கவும் தெரிந்த ஆளை. பயங்கரவாதக் குழுக்களின் வரலாறு தெரிந்தவருக்கு அங்கே வேலை குறைவு.

பட்டத்தின் பெயரும் முத்திரையும்

ஹோம்லேண்ட் செக்யூரிட்டி என்றே பெயர் கொண்ட பட்டம் நல்லதா, பொது நிர்வாகப் பட்டத்தோடு அதே பொருளில் ஒரு சான்றிதழ் நல்லதா என்று கேட்கிறார்கள். ஏற்கெனவே காவல்துறையிலோ தீயணைப்பிலோ கடலோரக் காவல் படையிலோ இருப்பவருக்கு முதலாவது பொருந்தும். வெளியிலிருந்து வரும் இளைஞருக்கு இரண்டாவதையே சொல்வேன். நாளைக்கு உள்நாட்டுப் பாதுகாப்பில் ஆட்குறைப்பு வந்தாலும், பொது நிர்வாகம் படித்தவர் குடிநீர் வாரியத்திலோ நகராட்சி நிதிப் பிரிவிலோ வேலை தேடலாம். டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் புஷ் கல்லூரி போன்ற இடங்கள் பொது நிர்வாகப் பட்டம், உள்நாட்டுப் பாதுகாப்புச் சான்றிதழ் இரண்டையும் தருகின்றன.

பொது நிர்வாகப் படிப்புகளுக்கு நாஸ்பா என்ற அமைப்பு அங்கீகாரம் தருகிறது. அந்த அங்கீகாரம் தனித்தனிப் பட்டத்துக்குத்தான், கல்லூரி முழுவதற்கும் இல்லை. ஒரே கட்டடத்தில் ஒரு பட்டத்துக்கு இருக்கும், பக்கத்து அறையில் நடக்கும் பட்டத்துக்கு இருக்காது. விளம்பரத்தில் இருக்கும் முத்திரை எந்தப் பட்டத்தைக் குறிக்கிறது என்று நாஸ்பாவின் பட்டியலிலேயே பார்த்துவிடுங்கள்.

ஏற்கெனவே அரசுப் பணியில் இருப்பவர்கள் செய்யும் தவறு வேறு: இலவசமாகக் கிடைப்பதற்குப் பணம் கட்டுவது. கலிஃபோர்னியாவின் மான்டரேயில் உள்ள கடற்படைப் பட்டமேற்படிப்புக் கல்லூரியில், 2002-இல் தொடங்கிய உள்நாட்டுப் பாதுகாப்பு மையம் இருக்கிறது. போலீஸ், தீயணைப்பு, பொதுச் சுகாதாரம் எனப் பல துறை அதிகாரிகளை எடுத்து 18 மாத முதுகலை நடத்துகிறார்கள். பெரும்பகுதி ஆன்லைனில், இடையிடையே மான்டரே போக வேண்டும், முடிவில் ஆய்வேடு எழுத வேண்டும். தேர்வாகிறவர்களிடம் கல்விக்கட்டணம் வாங்குவதில்லை. போட்டி கடுமைதான். ஆனாலும் தகுதி இருந்தும் விண்ணப்பிக்காமலே வேறு இடத்தில் கடன் வாங்கிச் சேருகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஊர் நிலத்தை மறைக்காதீர்கள்

பாதுகாப்பு அனுமதி, அதாவது செக்யூரிட்டி கிளியரன்ஸ், பட்டத்தோடு சேர்ந்து வருவதல்ல. தனிமனிதர் தானாக விண்ணப்பித்து வாங்கவும் முடியாது. வேலை தரும் துறைதான் தொடங்கிவைக்கும். “வாங்கித் தருகிறோம்” என்று யாராவது சொன்னால் அது மோசடி.

அதற்கான நீண்ட படிவம் எஸ்.எஃப்.-86. நம் குடும்பங்கள் இடறுவது இங்கேதான். அப்பா தஞ்சாவூரில் மகன் பெயரில் எழுதிவைத்த வயல், வங்கி வைப்புத்தொகை, மாதாமாதம் பேசும் சித்தப்பா என எல்லாம் வெளிநாட்டுத் தொடர்பு, வெளிநாட்டுச் சொத்து என்ற தலைப்புகளில் வரும். “இதையெல்லாம் எதுக்குப்பா சொல்லிக்கிட்டு” என்று வீட்டில் அறிவுரை கிடைக்கும். அந்த அறிவுரையைக் கேட்காதீர்கள். வெளிநாட்டில் உறவினர் இருப்பதாலேயே ஒருவரைத் தள்ளிவிடுவதில்லை. எவ்வளவு நெருக்கம், எவ்வளவு சொத்து, எந்த நாடு என்று மொத்தமாக எடைபோடுகிறார்கள். தெரிந்தே பொய் எழுதினால் அதுவே ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய கூட்டாட்சிக் குற்றம். ஈழத்திலிருந்து வந்த குடும்பங்களுக்கு இன்னொன்றும் உண்டு. விடுதலைப் புலிகள் அமைப்பு 1997 முதல் அமெரிக்காவின் தடைப் பட்டியலில் இருக்கிறது. பழைய தொடர்போ நன்கொடையோ இருந்தால் படிவத்தை நிரப்பும் முன் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிடுவது நல்லது.

கஞ்சா பற்றியும் சொல்லியாக வேண்டும். கலிஃபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் கடையில் விற்கிறார்கள் என்பதால் பிள்ளைகள் அதைப் பீர் மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். அந்த மாநிலச் சட்டம் கூட்டாட்சி அரசைக் கட்டுப்படுத்தாது. வேலை கேட்கப்போவதோ கூட்டாட்சி அரசிடம்.

கடனும் பழைய தகவல்களும்

பொதுப்பணி செய்தால் மீதிக் கல்விக்கடன் தள்ளுபடி என்று நம்பிச் சேருகிறவர்கள் நிறைய. திட்டம் 2007 முதல் இருக்கிறது. தகுதியுள்ள 120 மாதத் தவணைகள் கட்ட வேண்டும். சம்பளம் யார் தருகிறார் என்பதுதான் அதில் கணக்கு. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கட்டடத்துக்குள்ளேயே உட்கார்ந்து, அவர்கள் வேலையையே செய்தாலும், உங்கள் சம்பளச் சீட்டில் தனியார் ஒப்பந்த நிறுவனத்தின் பெயர் இருந்தால் அந்த மாதங்கள் சேராது. வாஷிங்டன் வட்டாரத்தில் இத்துறை வேலைகளில் கணிசமானவை ஒப்பந்த நிறுவனங்களுடையவை. தவிர, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்கும் முதுகலை மாணவருக்குக் கூட்டாட்சிக் கடன் ஆண்டுக்கு 20,500 டாலர், மொத்தம் ஒரு லட்சம் டாலர் என்று உச்சவரம்பு வைத்துவிட்டார்கள். மிச்சத்துக்குத் தனியார் கடன் வாங்கினால் அதற்குத் தள்ளுபடியே கிடையாது. கட்டாமல் நிலுவையில் விட்ட கடன் பாதுகாப்பு அனுமதிக்கும் இடைஞ்சல்.

பல்கலைக்கழகங்களின் கையேடுகள் மெதுவாகத்தான் மாறும். முதுகலை முடித்தவர்களைக் கூட்டாட்சிப் பணிக்குள் கொண்டுவந்த பிரெசிடென்ஷியல் மேனேஜ்மென்ட் ஃபெலோஸ் திட்டத்தை 2025 பிப்ரவரியில் அதிபர் ஆணை போட்டு மூடிவிட்டார். அதைக் காட்டிச் சேர்க்கை நடத்தும் கல்லூரியிடம் அண்மைய மாணவர்கள் எங்கே வேலைக்குப் போனார்கள் என்று கேளுங்கள். கூட்டாட்சி வேலைக்கான சுயவிவரம் ஐந்து பக்கம் இருக்க வேண்டும் என்ற அறிவுரையும் காலாவதி ஆகிவிட்டது. 2025 முதல் இரண்டு பக்கம்தான். முதுகலைப் பட்டத்தை மட்டும் வைத்து நுழைந்தால் பொதுவாக, கூட்டாட்சிச் சம்பளப் படிநிலையில் ஜி.எஸ்.-9 நிலை. அதற்கு மேல் கேட்க அனுபவம் வேண்டும்.

அந்த அனுபவத்தைப் பட்டத்துக்குப் பிறகு தேடலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். பேரிடர்க் களத்தில் யார் யாருக்குக் கட்டளையிடுவது என்பதற்கான முறை, 1970-இல் கலிஃபோர்னியாவில் பரவிய காட்டுத்தீக்களுக்குப் பிறகு உருவானது. அதன் அடிப்படைப் பாடங்களான ஐ.எஸ்.-100, ஐ.எஸ்.-700 இரண்டையும் ஃபீமா இணையத்தில் இலவசமாக நடத்துகிறது. ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம். உங்கள் ஊரில் பேரிடரில் அக்கம்பக்கத்தாருக்கு உதவும் செர்ட் என்ற தன்னார்வக் குழு இருக்கிறதா என்று தீயணைப்பு நிலையத்தில் விசாரியுங்கள். பயிற்சிக்குப் பணம் கேட்பது அரிது. குடிமகனாக இல்லாதவர்களையும் பல ஊர்களில் சேர்த்துக்கொள்கிறார்கள்.