சிசரோவை இலத்தீனிலேயே படிக்க

மட்டக்களப்பில் இலத்தீன் வாத்தியார் தேடி அலையாதீங்க. புளியந்தீவிலோ தாண்டவன்வெளியிலோ பழைய இலத்தீன் பூசை ஞாபகமுள்ள ஒருவர் இருந்தால் தொடங்கிவிடலாம். என் பெரியம்மாவுக்கு அர்த்தம் பாதிதான் தெரியும். செபம் மட்டும் பிசகாது.

'பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே' செபத்தில் ஒரு வரி: 'பானெம் நோஸ்த்ரும் கொதிதியானும் தா நோபிஸ் ஓதியே.' பானெம், அப்பத்தை. நோபிஸ், எங்களுக்கு. தா என்றால் தாதான் (தற்செயல், சொந்தம் கொண்டாட வேண்டாம்). உருபு சொல்லின் வாலில் ஒட்டுவது நமக்குப் பழக்கம், ஆங்கிலத்தில் போய்ச் சுற்றி வரத் தேவையில்லை. கொப்பியில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லின் மேலும் வேற்றுமை எண்ணைப் பென்சிலால் போடுங்கள். 'அப்லடிவ்' என்ற இலத்தீன் வேற்றுமை மட்டும் படுத்தும்: நம்முடைய மூன்றாம், ஐந்தாம் வேற்றுமை வேலைகளை அதுவே பார்க்கும்; முன்னால் 'இன்' வந்தால் ஏழாவதையும். வால் மாறும் விதத்தில் பெயரில் ஐந்து வகை, வினையில் நான்கு. அவற்றை மனப்பாடம்தான் செய்ய வேண்டும்.

பிறகு நேரே சிசரோவின் 'தே ரே பூப்ளிகா'வில் ('குடியரசு பற்றி') குதிக்காதீர்கள். அந்த உரோமைப் பேச்சாளர் கி.மு. 44இல், ஏதென்சில் படித்துக்கொண்டிருந்த மகனுக்கு எழுதிய 'தே ஒஃபிகீஸ்' ('கடமைகள் பற்றி') முதலில். 'ஃபுந்தாமெந்தும் அவுதெம் எஸ்த் இயுஸ்திதியாய் ஃபிதேஸ்': நீதியின் அடித்தளம் வாக்குத் தவறாமை. இந்த 'ஆய்' விகுதி ஆறாம் வேற்றுமையா நான்காமா என்று தடுமாறுவீர்கள்; பக்கத்துச் சொல்லைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். இங்கே ஆறு. பெர்சியஸ் இணையத்தளத்தில் சொல்லைச் சொடுக்கினால் சாத்தியமான வேற்றுமைகளைக் காட்டும். நீங்கள் எண் போட்ட பிறகு சொடுக்குங்கள்.

இப்போது 'தே ரே பூப்ளிகா', முதல் நூல், 39ஆம் பகுதி. மக்கள் என்பது எப்படியோ கூடிய கும்பல் அல்ல என்கிறார் சிசரோ. அப்படியானால் என்ன? 'இயூரிஸ் கொன்சென்சூ எத் ஊதிலிதாதிஸ் கொம்மூனியோனே சொகியாதுஸ்': சட்டத்தின் உடன்பாட்டாலும் பயனின் பகிர்வாலும் பிணைந்தது. ஆறு, மூன்று, ஆறு, மூன்று, கடைசியில் பெயரெச்சம் போல ஒன்று. சொல்லைக்கூட இடம் மாற்றாமல் தமிழாகிறது. ஆங்கில மொழிபெயர்ப்பில் இந்த அடுக்கு கலைந்துபோகும்.

'தே ரே பூப்ளிகா'வின் பெரும்பகுதி 1819 வரை காணாமல் கிடந்தது. வத்திக்கானில், புனித அகுஸ்தீனாரின் சங்கீத உரை மேலே எழுதப்பட்ட தோல் ஏடுகளில், அழிந்த எழுத்தாக வத்திக்கான் நூலகர் ஆஞ்செலோ மாய் கண்டெடுத்தார். அதனால் நடுவில் வாக்கியம் அறுந்தால் உங்கள் இலக்கணத்தைச் சந்தேகிக்காதீர்கள்.

அடுத்து அகுஸ்தீனாரின் 'கடவுளின் நகரம்', 19ஆம் நூல், 21ஆம் அதிகாரம். சிசரோவின் அதே வரையறையை எடுத்து, நீதியில்லாத உரோமை ஒருபோதும் குடியரசாக இருந்ததில்லை என்று மறுக்கிறார். அதே சொற்கள் திரும்ப வருவதால் அகராதி அதிகம் தேவைப்படாது.