மெயின் கூன் பூனை வாங்கப் போகிறீர்களா? குட்டிக்கு முன்னால் தாயைப் பாருங்கள்

நங்கநல்லூரில் எங்கள் வீட்டில் மெயின் கூன் பேச்சு முதன்முதலில் எழுந்தபோது, "கூன் விழுந்த பூனைக்கா இவ்வளவு பணம்?" என்று கேட்டார் அத்தை. கூனும் இல்லை, குருடும் இல்லை, அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலுள்ள மெயின் மாநிலத்துப் பூனை அது என்று விளக்கினேன். 1985-இல் அந்த மாநிலம் அதைத் தன் அதிகாரப்பூர்வப் பூனையாகவே அறிவித்தது. பூனைக்கும் ராக்கூன் என்ற அமெரிக்கக் காட்டு விலங்குக்கும் பிறந்தது என்று ஒரு கதை உலவுகிறது. அது நடக்கவே முடியாத காரியம். குளிர் மிகுந்த அந்த ஊரின் பண்ணைகளில் எலி பிடித்துப் பிழைத்த பூனைகளின் வழியில் வந்தது இது. அடர்ந்த உரோமமும் அகன்ற பாதமும் அங்கே கிடைத்த சொத்து.

விளக்கமெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. வாங்கியதில்தான் கோட்டை விட்டேன். மெயின் கூன் என்று சொல்லி எனக்கு விற்கப்பட்ட ராஜாவுக்கு இப்போது நான்கு வயது; எடை மூன்றே முக்கால் கிலோ. பாரசீகப் பூனையும் நம் ஊர்ப் பூனையும் கலந்த அழகன். அவன்மீது ஒரு குறையும் இல்லை. குட்டியின் முகத்தில் மயங்கி, தாயைக் கேட்காமல் பணத்தை எண்ணிக் கொடுத்த என்மீதுதான் குறை. இரண்டாம் முறை மேனகையை வாங்கியபோது எப்படிச் செய்தேன் என்பதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: வீட்டைப் பாருங்கள்

ஆண் பூனை ஆறு முதல் எட்டு கிலோ வரை வளரும். சில அதையும் தாண்டும். பெண் பூனை நான்கிலிருந்து ஆறு கிலோ. முழு வளர்ச்சிக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் பிடிக்கும். இந்த எடை பால்கனியில் கட்டியிருக்கும் கொசு வலைமீது தாவினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். வலை போகும், பூனையும் போகும். புறாவுக்காகக் கட்டும் நைலான் வலையைக்கூடக் கடித்து ஓட்டை போடும் பூனைகள் உண்டு. நாங்கள் இரும்புக் கம்பி வலை அடித்தோம்.

கடையில் விற்கும் மணல் தட்டு இந்த இனத்துக்கு ஆறு மாதத்தில் சிறியதாகிவிடும். துணி ஊறவைக்கும் பெரிய பிளாஸ்டிக் டப் ஒன்று போதும், விலையும் குறைவு.

அடுத்தது வெயில். பனிக்காக அமைந்த இரட்டை உரோமத்தோடு அக்னி நட்சத்திரத்தைக் கடக்க வேண்டும். பகலில் ஏ.சி. போட்ட ஓர் அறை, மின்சாரம் நின்றால் மாற்று ஏற்பாடு, இரண்டு மூன்று இடங்களில் தண்ணீர். இவை முடியாது என்றால் இந்த இனமே வேண்டாம். மொட்டையடித்துவிட்டால் சரியாகிவிடும் என்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். வாரம் இரண்டு மூன்று முறை சீவி, உதிர்ந்த உள்முடியை எடுத்தாலே காற்று உள்ளே போகும்.

அடுக்குமாடிச் சங்கம் "பூனை கூடாது" என்று தீர்மானம் போட்டிருந்தால் கலங்க வேண்டாம். செல்ல நாய்களுக்கு அப்படித் தடை விதிக்க முடியாது என்று விலங்கு நல வாரியத்தின் 2015-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது; பூனைக்கும் அதையே எடுத்துக்காட்டிப் பேசலாம். அந்த வாரியமே 1962-இல், ருக்மிணி தேவி அருண்டேல் தலைமையில், நம் சென்னையில் தொடங்கியதுதான்.

இரண்டாம் படி: உருவத்தைப் படியுங்கள்

பாரசீகப் பூனையின் முகம் தட்டையாக இருக்கும். மெயின் கூனுக்கு வாய்ப்பகுதி ஒரு சிறு பெட்டியை ஒட்டவைத்தது போலச் சதுரமாக முன்னே நிற்கும். காது பெரியது, உயரத்தில் அமைந்தது, பெரும்பாலும் நுனியில் முடிக்கற்றையோடு இருக்கும். வாலை முதுகின்மேல் மடித்தால் தோளைத் தொட வேண்டும். உரோமம் ஒரே சீராக இருக்காது. தோளில் குட்டையாகவும் வயிற்றிலும் பின்தொடையிலும் நீளமாகவும் தொங்கும். குரலும் வேறு. இவ்வளவு பெரிய உடம்பிலிருந்து "மியாவ்" வருவதைவிடக் குருவி கத்துவது போன்ற கீச்சொலிதான் அதிகம் வரும்.

சிக்கல் என்னவென்றால், எட்டு வாரக் குட்டியில் இதையெல்லாம் தேர்ந்த கண்ணே தடுமாறிப் பார்க்கும். முடி நீளமாக இருக்கிறது என்பது மட்டும் சான்று ஆகாது. ஆகவேதான் தாய்.

மூன்றாம் படி: தொலைபேசியிலேயே வடிகட்டுங்கள்

மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசுப் பாறையில் ஒரு பூனை கைகளை உயர்த்தித் தவம் செய்துகொண்டிருக்கும். காலடியில் எலிகள் நம்பிக்கையோடு நிற்கும். பூனை விற்பவர்களில் பாதிப்பேர் முதல் அழைப்பில் அந்தப் பூனைதான். நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பது தெரிந்ததே.

மூன்று கேள்விகள் போதும். தாயும் தந்தையும் உங்களிடம் இருக்கிறார்களா, நேரில் பார்க்கலாமா? குட்டியை எத்தனை வாரத்தில் கொடுப்பீர்கள்? இதயப் பரிசோதனை செய்தீர்களா?

"தாய் ஊரில் இருக்கிறது" என்றால் வைத்துவிடுங்கள். "ஐந்து வாரம் ஆகிவிட்டது, இன்றே எடுத்துக்கொள்ளலாம்" என்றாலும் அப்படியே. நல்ல வளர்ப்பாளர் பன்னிரண்டு வாரத்துக்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்க மாட்டார். "டெல்லியிலிருந்து விமானத்தில் அனுப்புகிறோம், பாதிப் பணம் இப்போது" என்பவர் அனுப்பும் படம் வேறு யாருடைய பூனையோ. கிளாம்பாக்கத்துக்குப் பஸ்ஸில் ஏற்றி அனுப்புகிறேன் என்று ஒருவர் என்னிடம் சொன்னார், ஏதோ மாம்பழக்கூடை போல.

மிகக் குறைந்த விலையும் எச்சரிக்கைதான். பெற்றோருக்குப் பரிசோதனை, தடுப்பூசி, மூன்று மாதத் தீனி எல்லாம் போட்டு வளர்த்தவரால் பதினைந்தாயிரம் ரூபாய்க்குக் கொடுக்க முடியாது.

நான்காம் படி: நேரில் போங்கள்

முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போங்கள், ஆனால் வீட்டுக்குள் போங்கள். வாசலில் கூடையோடு வந்து காட்டுபவரிடம் வாங்காதீர்கள்.

நாங்கள் போனது ஒரு மாலை, ஐந்து மணி இருக்கும். கதவு திறந்ததும் முதலில் மூக்கைத்தான் வேலைக்கு வைத்தேன். பினாயில் நெடி மூச்சை அடைத்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று பொருள். அங்கே லேசான மணல் வாசனை மட்டும். தாய்ப்பூனை சோபாவின் முதுகில் படுத்திருந்தது. இறங்கி வந்து என் செருப்பை முகர்ந்தது, கையை நக்கியது. மனிதரைக் கண்டு அலறி ஓடும் தாயின் குட்டிகளும் பெரும்பாலும் அப்படித்தான் வளரும். தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்பது புடவைக்கடை வாசலில் மட்டும் சொல்வதற்கில்லை.

குட்டிகளை உடனே தூக்காதீர்கள். பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். நான்கில் மூன்று என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தன. ஒன்று மூலையிலேயே இருந்தது. பாவம் என்று அதைத்தான் தூக்கத் தோன்றும். அந்த இரக்கத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். பிறகு ஒன்றை மடியில் வைத்து மேலிருந்து கீழே பாருங்கள். கண்ணில் நீர் வடியக் கூடாது. காதுக்குள் காப்பித்தூள் போன்ற கறுப்பு அழுக்கு இருந்தால் காதுச் சிற்றுண்ணி. முடியை எதிர்த்திசையில் தள்ளிப் பாருங்கள்: வட்டமாக முடி உதிர்ந்து பொருக்கு தட்டியிருந்தால் படர்தாமரை, நம் ஊர் ஈரக்காற்றில் அது வீடு முழுக்க மனிதருக்கும் பரவும். வாலைத் தூக்கிப் பாருங்கள், பின்புறம் சுத்தமாக இருக்க வேண்டும். வயிறு மட்டும் உப்பி, முதுகெலும்பு விரலில் தட்டினால் குடற்புழு. ஒரு பந்தை உருட்டிவிட்டு, ஓடும்போது பின்கால்களைக் கவனியுங்கள். இந்த இனத்தில் இடுப்பு மூட்டுக் கோளாறு அதிகம். குட்டியிடம் தெரியாவிட்டாலும், தாய் தாவி ஏறும் விதத்தில் சில சமயம் தெரியும்.

மேனகை அன்று ஒன்றரை கிலோ இருந்தாள். மூன்று மாதக் குட்டிக்கு அது சரியான எடை.

ஐந்தாம் படி: காகிதங்கள்

இங்கே அவசரம் கூடாது. மூன்று காகிதங்கள்.

முதலாவது வம்சாவளிச் சான்று. டிகா, சி.எஃப்.ஏ., டபிள்யூ.சி.எஃப். போன்ற பூனை அமைப்புகள் பெற்றோர், பாட்டன் பாட்டி பெயரோடு கொடுப்பது. "கே.சி.ஐ. சான்றிதழ் இருக்கிறது" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு எழுந்து வாருங்கள், கென்னல் கிளப் நாய்களுக்கானது.

இரண்டாவது பெற்றோரின் பரிசோதனை அறிக்கை. மெயின் கூனின் பெரிய எதிரி ஹெச்.சி.எம். என்னும் இதயத்தசை தடிக்கும் நோய். விளையாடிக்கொண்டிருக்கும் பூனை பொத்தென்று விழுந்து இறப்பது இதனால் நடக்கும். இந்த இனத்தில் இதற்குக் காரணமான ஒரு மரபணு மாற்றத்தை 2005-இல் கண்டுபிடித்தார்கள். இப்போது பரிசோதனை உண்டு. ஆனால் "நெகட்டிவ்" என்ற தாளோடு நிறைவடையாதீர்கள். அந்த ஒரு மாற்றம் இல்லாத பூனைக்கும் இந்நோய் வரலாம். பெற்றோருக்கு எடுத்த எக்கோ அறிக்கையையும் கேளுங்கள்; எப்போது எடுத்தது என்று தேதியைப் பாருங்கள். தசை தேயும் எஸ்.எம்.ஏ. நோய்க்கும் மரபணுப் பரிசோதனை இருக்கிறது.

மூன்றாவது தடுப்பூசி அட்டை. பேனாவில் "போட்டாயிற்று" என்று எழுதியது செல்லாது. மருந்துக்குப்பியின் ஒட்டுவில்லை, தொகுதி எண், மருத்துவர் கையெழுத்து, முத்திரை நான்கும் வேண்டும். ராஜாவின் அட்டையில் நான்கில் ஒன்றும் இல்லை. அதையும் நான் அன்று கவனிக்கவில்லை, பூனையை மடியில் கட்டிக்கொண்டு சகுனம் பார்த்த கதையாக நல்ல நேரம் மட்டும் பார்த்துக்கொண்டு போனேன்.

ஆறாம் படி: பணம்

முன்பணத்துக்கு ரசீது. இரண்டு மூன்று நாட்களுக்குள் நம் மருத்துவர் பார்த்து நோய் இருப்பதாகச் சொன்னால் திருப்பிக் கொடுப்பேன் என்று ஒரு வரி எழுத்தில். கையெழுத்திடத் தயங்கினால் நாமும் தயங்கலாம்.

ஏழாம் படி: முதல் வாரம்

நேரே வீட்டுக்குப் போகாமல் மருத்துவரிடம் காட்டிவிட்டுப் போவது நல்லது. வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போவதென்றால் காலையிலேயே போய்விடுங்கள், கூட்டம் இருக்கும்.

வீட்டில் ஏற்கெனவே பூனை இருந்தால் இரண்டு வாரம் தனி அறை. பழைய இடத்தில் சாப்பிட்ட அதே தீனியை முதல் வாரம் கொடுத்து, பிறகு மெதுவாக மாற்றுங்கள். தயிர்சாதத்தில் பூனை வாழாது. டாரின் என்ற சத்து இறைச்சி, மீன் போன்றவற்றிலிருந்துதான் போதிய அளவு கிடைக்கும், அது குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். அத்தைக்கு இதைப் புரியவைக்க ஒரு மாதம் ஆயிற்று.

வாரம் ஒருமுறை எடை பாருங்கள். முதலில் குட்டியோடு நீங்கள் ஏறி நின்று, பிறகு தனியாக நின்று கழித்துக்கொள்ளலாம். வளரும் குட்டியின் எடை ஒரு வாரம் நின்றாலோ குறைந்தாலோ மருத்துவரிடம் போங்கள். எங்கள் வீட்டில் நாள்காட்டித் தாளின் ஓரத்தில் அத்தைதான் எழுதி வைக்கிறார்: "கூன் பூனை, 5 கிலோ 200."