எண்ணெய் கொடுத்தேன், பாலில் கொழுப்பு குறைந்தது: என் அனுபவம்

கன்று ஈன்று இரண்டு மாதமாகியும் உடல் தேறாத என் கறவைப் பசுவுக்குத் தெம்பு கூடட்டும் என்று எண்ணி, அடர்தீவனத்தில் (தானியம், புண்ணாக்கு, தவிடு கலந்த தீவனம்) நாளொன்றுக்கு அரை லிட்டர் சூரியகாந்தி எண்ணெயைக் கலந்து கொடுத்து வந்தேன். பத்து நாட்களுக்குள் பாலின் கொழுப்பு 4.1 சதவீதத்திலிருந்து 3.2 சதவீதமாக இறங்கியது. பாலின் அளவு ஏறக்குறைய மாறவில்லை. சாணம் இளகி, அதில் செரிக்காத நார் தெரிந்தது, அசைபோடுவதும் குறைந்திருந்தது.

கொழுப்பைக் கொடுத்தால் பாலில் கொழுப்பு கூடும் என்பது கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. நுண்ணுயிரிகள் தீவனத்தைச் செரிக்கும் பசுவின் பெருவயிறு அப்படிக் கணக்குப் போடுவதில்லை. சூரியகாந்தி எண்ணெயில் மிகுந்துள்ள நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் நாரைச் செரிக்கும் நுண்ணுயிரிகளை ஒடுக்குவதால், பால்கொழுப்புக்கு மூலப்பொருளான அசிட்டேட் குறையக்கூடும். அதைவிட முக்கியமாக, அவ்வமிலங்களை நுண்ணுயிரிகள் மாற்றும் வேலை பாதியில் தடம் மாறும்போது உருவாகும் சில கொழுப்பு அமிலங்கள், இரத்தத்தின் வழியாக மடியை அடைந்து அங்கே கொழுப்பு உருவாவதையே தடுக்கின்றன.

எண்ணெயை உடனே நிறுத்தினேன். அடர்தீவனத்தை நான்கு வேளையாகப் பிரித்து, ஒவ்வொரு முறையும் காய்ந்த புல்லை முதலில் கொடுத்தேன். மூன்றாம் வாரத்தில் கொழுப்பு 3.9 சதவீதத்தை எட்டியது. அதன் பிறகே, பெருவயிற்றில் அதிகம் கரையாத கால்சியம் உப்பு வடிவிலான பைபாஸ் கொழுப்பை 100 கிராமில் தொடங்கி 200 கிராம் வரை படிப்படியாக உயர்த்தினேன். மொத்தத் தீவனத்தின் உலர்பொருளில் (ஈரம் நீக்கிய எடையில்) கொழுப்பு 6 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறேன்.