மன்றாட்டு ஜெபம் உங்க தலையில விழுந்தா என்ன பண்றது

சனிக்கிழமை ராத்திரி ஐயர் (எங்க சபை போதகர்) போன் போட்டு "தம்பி, நாளைக்கு மன்றாட்டு ஜெபம் நீங்க பண்ணிருங்க"ன்னு சொல்லிட்டு வச்சிருவாரு, அதாவது ஆராதனையில மத்தவங்களுக்காக சபை சார்பா வேண்டுற ஜெபம், நமக்கு தூக்கம் போயிரும். எங்க சிஎஸ்ஐ (தென்னிந்திய திருச்சபை) சபையில பல வருஷமா பண்ணி சொதப்பி கத்துக்கிட்டத சொல்றேன்.

வரிசை தெரியலன்னா 1 தீமோத்தேயு 2-ஆம் அதிகாரத்த திறங்க. எல்லா மனுஷருக்காகவும், ராஜாக்களுக்காகவும், அதிகாரத்துல இருக்கவங்களுக்காகவும் ஜெபிக்க சொல்றாரு பவுல். நாங்க திருச்சபை, நாடு, கஷ்டத்துல இருக்கவங்க, கடைசியா நம்ம சபைன்னு போவோம். (கத்தோலிக்க கோயில்லயும் கிட்டத்தட்ட இதேதான், அங்க 2-ஆம் வத்திக்கான் சங்கம்னு உலக ஆயர்கள் கூடின மாநாட்டுக்கு அப்புறம் திரும்ப வந்த வழக்கம்.) ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு வரி போதும், ஆனா அதுல உருப்படியா ஒரு விஷயம் இருக்கணும். "மீனவர்களை ஆசீர்வதியும்"னு பொத்தாம்பொதுவா சொன்னா காதுல விழாது. கிழக்கு கடற்கரையில ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில நிக்கும், அந்த நேரம் பாத்து பிள்ளைங்க ஸ்கூல் பீஸும் வரும். "வருமானம் நின்னுபோன வீடுகளை நினைத்தருளும்"னு சொல்லிப் பாருங்க, கண்ண மூடி நிக்கிறவங்களுக்கு ஏதோ ஒரு வீடு ஞாபகம் வரும்.

அப்புறம் இந்த நம்ம, எங்க குழப்பம். சபைய பாத்து பேசும்போது "நம்ம ஊருக்காக ஜெபிப்போம்", ஆண்டவர்கிட்ட பேசும்போது "எங்கள் ஊரை". பாதி பேர் "ஆண்டவரே, நம்ம ஊர"ன்னு ஆண்டவரையும் ஊர்க்காரராக்கி வரி கட்ட வச்சிருவாங்க. "நான்" வேணவே வேணாம், அது வீட்டு ஜெபத்துக்கு.

சபை பதில் சொல்ற இடம் ரொம்ப முக்கியம். "கர்த்தாவே, உமது இரக்கத்தினாலே"ன்னு நீங்க நிறுத்தினா "எங்கள் ஜெபத்தைக் கேட்டருளும்"னு அவங்க முடிக்கணும், அந்த வரிய ஒவ்வொரு தடவையும் அச்சு மாறாம சொல்லுங்க, அழகா இருக்கேன்னு மாத்தினா முன் பெஞ்சு மட்டும்தான் முணுமுணுக்கும். அதுக்கு முன்னாடி மனசுக்குள்ள அஞ்சு எண்ணுங்க. அந்த அமைதியிலதான் அவங்க அவங்க ஜெபத்த பண்றாங்க. முதல் தடவ நான் அப்படி நின்னப்போ மைக் போயிருச்சுன்னு கோயில்குட்டி (கோயில் வேலைகள பாத்துக்கிறவர்) ஓடி வந்துட்டாரு.

பேர் சொல்றதுல ஜாக்கிரதை. ஒரு அக்காவோட ஆபரேஷன பேர் சொல்லி ஜெபிச்சிட்டேன், அது அவங்க மாமியாருக்கே தெரியாதாம், ஆராதனை முடிஞ்சு வாசல்ல அவங்க முகத்த பாக்க முடியல. இப்பல்லாம் கேட்டுட்டுதான் சொல்றேன், வேணாம்னா "சுகவீனமா இருக்கிற எங்கள் சகோதரி" போதும், ஆண்டவருக்கு தெரியும். போன வாரத்து லிஸ்ட்ட அப்படியே வாசிக்கவும் கூடாது, சனிக்கிழமை இறந்துட்டவருக்கு சுகம் கேட்டு, குடும்பமே மூணாவது பெஞ்சுல உக்காந்திருந்த கதையெல்லாம் உண்டு. காலையில செக்ரட்டரிய ஒரு வார்த்தை கேட்ருங்க.

ஜெபத்துல அறிவிப்பு வேணாம், "சாயங்காலம் 6 மணிக்கு நடக்கிற வாலிபர் கூட்டத்தை"ன்னு ஆண்டவருக்கு டைம் சொல்லாதீங்க. காணிக்கை போடாதவங்கள சாடையா குத்துறதும் வேணாம்.

எல்லாத்தையும் பேப்பர்ல பெரிய எழுத்துல எழுதிக்கோங்க. போன்ல பாத்து படிச்சேன் ஒரு நாள், பேராயர் பேர் வர்ற வரி மேல ரீசார்ஜ் மெசேஜ் வந்து உக்காந்துருச்சு.