ஊரில் பைக் ஓட்டப் போகிறீர்களா? பாதையைப் பினாங்கிலேயே போட்டுப் பழகுங்கள்

பினாங்கிலிருந்து ஊருக்குப் போகிற சிலர் இப்போதெல்லாம் உறவினர் வீடு, கோயில், துணிக்கடை என்று முடித்துக்கொள்வதில்லை. கோயம்புத்தூரிலோ மதுரையிலோ ஒரு ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் பைக்கை வாடகைக்கு எடுத்து மலைப்பக்கம் கிளம்பிவிடுகிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் பாதை போடும் மென்பொருளை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் முதல் நாளே மண்டை காயும். தெரிந்த சாலையில் பழகினால்தான் அது எங்கே ஏமாற்றுகிறது என்று கண்ணில் படும்.

தீவைச் சுற்றும் பாதையில் ஆரம்பியுங்கள். கணினிக்குக் கார்மின் பேஸ்கேம்ப் இருக்கிறது. பழசு, ஆனால் இலவசம். வளைவுகளாகப் பார்த்துத் தேடித் தரும் கர்விகரும் நல்லது. ஜார்ஜ்டவுனில் தொடங்கி ஜார்ஜ்டவுனிலேயே முடிக்கச் சொன்னால் மென்பொருள் நகரவே நகராது. பத்து ஃபெரிங்கி, தெலுக் பஹாங், பாலிக் புலாவ் என்று புள்ளி வைக்க வேண்டும். அப்போதும் திரும்பும்போது துன் சார்டோன் மலைச்சாலையில் ஏறிக் குறுக்கே வந்துவிடப் பார்க்கும். தெற்கே தெலுக் கும்பார் வழியாக வர வேண்டுமென்றால் அங்கேயும் ஒரு புள்ளி.

புள்ளிகளில் இரண்டு வகை உண்டு. வயா பாயிண்ட் என்றால் பைக்கில் மாட்டும் ஜி.பி.எஸ். கருவி உங்களை அங்கே கொண்டுபோயே தீரும். தேநீர் குடிக்க ஒதுங்கி அதைத் தாண்டிவிட்டால் "திரும்பு, திரும்பு" என்று உயிரை எடுக்கும். ஷேப்பிங் பாயிண்ட் பாதையை வளைக்க மட்டும்தான், வாய் திறக்காது. தங்குமிடம், பெட்ரோல் பங்க் இரண்டையும் வயாவாக வையுங்கள், மற்றதெல்லாம் ஷேப்பிங். வைக்கும்போது படத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். நடுத்தடுப்பு உள்ள சாலையில் புள்ளி எதிர்ப்பக்கம் விழுந்தால், யூ-டர்ன் அடித்துப் போய் அதைத் தொட்டுவிட்டு வரச் சொல்லும்.

அப்புறம் ரூட்டும் டிராக்கும். ரூட்டைக் கருவிக்கு ஏற்றினால் அது தன் வரைபடத்தையும் தன் அமைப்புகளையும் வைத்து மறுபடி கணக்குப் போடும். நீங்கள் பார்த்துப் பார்த்து வரைந்தது வேறாகிவிடலாம். டிராக் அப்படியில்லை, வரைந்த கோடு வரைந்தபடியே நிற்கும். பாதையைச் சேமிக்கும் ஜி.பி.எக்ஸ். கோப்பில் இரண்டையும் கொண்டுபோங்கள். தானாக மறுகணக்குப் போடும் அமைப்பை அணைத்துவிடுங்கள்.

மலேசியாவில் வாங்கிய கருவியில் இந்திய வரைபடம் இருக்கிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். இல்லையென்றால் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து செய்த இலவச வரைபடத்தை மெமரி கார்டில் ஏற்றலாம். கைபேசி போதும் என்பவர்கள் ஓஸ்மாண்ட் என்ற வரைபடச் செயலியில் தமிழ்நாடு, கேரளா கோப்புகளைத் தனித்தனியாக இறக்கிக்கொள்ளுங்கள். மலையில் சிக்னலை நம்ப முடியாது.

தாத்தாவின் ஊரைத் தேடுவதுதான் பெரும்பாடு. புதூர் என்று தட்டினால் மாவட்டத்துக்கு மாவட்டம் ஒரு புதூர் வரும். தாலுகாவும் 6 இலக்கப் பின்கோடும் கேட்டு வாங்குங்கள். குலதெய்வக் கோயில் பல நேரம் வரைபடத்திலேயே இருக்காது. ஊரில் இருக்கும் சித்தப்பாவை அங்கே நின்று வாட்ஸ்அப்பில் இடத்தை அனுப்பச் சொல்லுங்கள். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை மென்பொருளில் தட்டியதும் ஒரு சோதனை: தமிழ்நாட்டில் அட்சரேகை 8-க்கும் 14-க்கும் நடுவே, தீர்க்கரேகை 76-க்கும் 81-க்கும் நடுவே. இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் பாதை எங்கோ ஆர்க்டிக் பக்கம் போய் நிற்கும்.

மென்பொருளுக்குச் சாலை தெரியும், சட்டம் தெரியாது. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு 36 கொண்டை ஊசி வளைவுகளோடு இறங்கும் கல்லட்டிப் பாதையை அது ஆசையாகக் காட்டும். வெளி மாவட்ட வண்டிகளை அங்கே இறங்க விடமாட்டார்கள். கர்நாடகப் பக்கம் போகும் பந்திப்பூர் காட்டுச்சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் என்ற இணையவழி நுழைவு அனுமதி வந்துவிட்டது, முன்கூட்டியே எடுங்கள். வளைவுதான் வேண்டுமென்றால் கொல்லிமலையில் 70, ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40. இரண்டில் ஒன்று சொல் என்றால் நான் வால்பாறை என்பேன். காட்டுக்கும் தேயிலைக்கும் நடுவே ஓட்டுகிற சுகம் வேறு. மலை ஏறும் நாளில் மென்பொருள் காட்டும் நேரத்தை நம்பாதீர்கள், பாதி மடங்கு கூட்டிக்கொள்ளுங்கள். சுங்கச்சாவடியைத் தவிர்க்கும் அமைப்பும் வேண்டாம். நெடுஞ்சாலைச் சாவடிகளில் பைக்குக்குக் கட்டணம் இல்லை, நம் பினாங்குப் பாலத்தில் 2019-இல் எடுத்துவிட்டதைப் போலத்தான். அந்த அமைப்பு வீணாகக் கிராமத்துச் சந்துகளில் சுற்ற வைக்கும்.

லைசன்ஸ் விஷயம். மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.யில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுங்கள். நம் பி2 பைக் லைசன்ஸ் 250 சிசி வரைதான். என்ஃபீல்டு 350-க்கே போதாது, ஏதாவது ஆனால் காப்புறுதி கைவிரித்துவிடும். வாடகை பைக்கின் நம்பர் பிளேட் கறுப்பில் மஞ்சள் எழுத்தாக இருக்க வேண்டும். வெள்ளை பிளேட்டைக் காட்டி "ஒண்ணும் ஆகாது சார்" என்றால் வேறு கடை பாருங்கள்.

கடைசியாக, கார்மின் இன்ரீச் மாதிரி செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியைக் கொண்டுபோகவே வேண்டாம். அனுமதியில்லாமல் வைத்திருப்பது இந்தியாவில் குற்றம். விமான நிலையத்திலேயே பிடிபட்ட வெளிநாட்டுப் பயணிகள் உண்டு. சாதாரண ஜி.பி.எஸ். கருவி சிக்னலை வாங்குமே தவிர எதையும் அனுப்பாது, அது வேறு. சரி, அவசரத்துக்கு என்ன செய்வது? அன்றன்றைய ஜி.பி.எக்ஸ். கோப்பையும் எத்தனை மணிக்குள் போய்ச் சேருவீர்கள் என்பதையும் காலையிலேயே மாமா பையனுக்கு அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள்.