மறதி நோய்க்கு மாத்திரையோடு அக்குபங்சர்: எங்கே தவறுகிறோம்?

முதல் தவறு, அக்குபங்சர் ஊசி தொடங்கிய கையோடு மாத்திரையை நிறுத்துவது. "இனி இங்கிலீஷ் மருந்து எதுக்கு?" என்று கேட்கும் ஹீலர்கள் நம் ஊரில் நிறைய. தயவுசெய்து அதைக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். மறதி நோய்க்குத் தரும் டோனெபெசில் மாத்திரையைத் தொடர்ந்தவர்களைவிட நிறுத்தியவர்களுக்கு நினைவும் அன்றாடச் செயல்பாடும் அதிகம் குறைந்ததாக, பிரிட்டனில் 295 அல்சைமர் நோயாளிகளிடம் நடந்த டொமினோ ஆய்வு 2012-ல் காட்டியது. ஊசிக்கு அவ்வளவு உறுதியான சான்று இல்லை. மருந்தோடு ஊசியும் சேர்ந்தால் நினைவுத் தேர்வில் மதிப்பெண் சற்றுக் கூடுவதாகச் சொல்லும் சீன ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை, யாருக்கு ஊசி என்பதை மறைக்காமல் நடந்தவை. ஊசி துணைக்கு வரலாம், மாத்திரையின் இடத்துக்கு வரக்கூடாது.

இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்குவதும் தவறு. டோனெபெசில் வழக்கமாக 5 மி.கி.யில் தொடங்கி, 4 முதல் 6 வாரம் கழித்து 10 மி.கி. ஆகும். அந்த நாட்களில் ஊசியும் சேர்ந்தால், வயிற்றுப்போக்கோ தெளிவோ எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அளவு நிலைத்த பிறகு தொடங்குங்கள்.

உண்மையில் ஆபத்தானது, நாடி பார்க்காமல் ஊசி போடுவது. டோனெபெசில், ரிவாஸ்டிக்மின், கேலன்டமின் ஆகிய மறதி மருந்துகள் மூன்றுமே, மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பின் வழியே இதயத் துடிப்பைக் குறைக்கக்கூடியவை. ஊசி குத்தும்போது சிலருக்கு வரும் மயக்கத்திலும் அதே நரம்புக்குப் பங்குண்டு. கூடவே அட்டெனொலால் போன்ற பிபி மாத்திரையும் இருந்தால், எழுந்து நிற்கும்போதே சரிந்து இடுப்பெலும்பு முறியலாம். ஒவ்வொரு முறையும் முழு ஒரு நிமிடம் நாடியை எண்ணுங்கள். 50-க்குக் கீழே இருந்தால் அன்று ஊசி வேண்டாம், மருத்துவரிடம் சொல்லுங்கள். வெறும் வயிற்றில் போகக்கூடாது. நாற்காலியில் வேண்டாம், படுக்க வைத்தே போடச் சொல்லுங்கள். ஊசி எடுத்ததும் 5 நிமிடம் உட்கார்ந்த பிறகே நடக்க விடுங்கள்.

மறதிக்கு உச்சந்தலையில் உள்ள பைஹுய் புள்ளியிலும் அதைச் சுற்றிய நான்கு புள்ளிகளிலும் குத்துவது வழக்கம். தலைத்தோலில் ரத்தம் எளிதில் வரும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், குளோபிடோக்ரெல் எடுப்பவர் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள், ஊசி எடுத்த இடத்தைப் பஞ்சால் சில நிமிடம் அழுத்துங்கள். முடிக்குள் ஊசி மறைந்துவிடும். எத்தனை போட்டார், எத்தனை எடுத்தார் என்று நீங்களும் எண்ணுங்கள். பேஸ்மேக்கர் இருந்தால் ஊசியில் மின்சாரம் கொடுப்பது கூடாது.

ரிவாஸ்டிக்மின் ஒட்டுப்பட்டை முதுகில் இருந்தால் அதையும் சொல்லுங்கள். அதன்மேல் சூட்டு விளக்கு பட்டால் மருந்து வேகமாக உள்ளே இறங்கி வாந்தி வரும். ஊசிக்காக உரித்ததைக் கவனிக்காமல் மூன்று நாளுக்கு மேல் விட்டுவிட்டால், மறுபடி தொடக்க அளவான 4.6 மி.கி.யிலிருந்துதான் தொடங்க வேண்டும். மருத்துவரைக் கேட்காமல் பழைய அளவை ஒட்டாதீர்கள்.

ஊசியைப் பார்த்தாலே மிரண்டு பிடுங்குபவரைக் கட்டிப்பிடித்துப் போடாதீர்கள். அவருக்கு இது வேண்டாம்.